பெட்டிக்குள் இரட்டை ரிவால்வர்: விலை எதற்கு?

2022 மே மாதம் அமெரிக்காவின் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் ஒரு மரப்பெட்டி விலைபோனது. உள்ளே ரெமிங்டன் ஆலையில் செய்த இரண்டு ரிவால்வர்கள். இரும்பு தெரியும் இடமெல்லாம் கொடிச்செதுக்கல். யானைத் தந்தக் கைப்பிடிகளில் ஜெனரல் யுலிசிஸ் கிராண்ட்டின் உருவம். விலை 51.7 லட்சம் டாலர், அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்.

செய்தியைப் படித்தவர்களுக்கு எழுந்த கேள்வி நியாயமானது. ரெமிங்டன் அதே மாடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்களைச் செய்து தள்ளியது. அவற்றில் பல இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படியிருக்க இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் இந்த விலை? கிராண்ட் பின்னாளில் அமெரிக்க அதிபரானவர் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, பெயர் தெரியாத ஒரு அதிகாரிக்குப் போன பெட்டிக்கும் பொருந்தும். சேகரிப்பாளர் பணம் கொடுப்பது துப்பாக்கிக்கு அல்ல. இரண்டு துப்பாக்கி, செதுக்கல், பெட்டி, அதற்குள் இருக்கும் கருவிகள், ஆவணம் ஆகிய ஐந்தும் முதல் நாளிலிருந்து ஒன்றாகவே இருந்தன என்ற உறுதிக்கு. அந்த உறுதியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதுதான் இந்தத் துறையின் மொத்த வித்தையும்.

பெர்கஷன் ரிவால்வர் என்பது எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2024 ஜூலையில் பிரான்சில் நெப்போலியனின் இரட்டைத் துப்பாக்கிகள் சுமார் 16.9 லட்சம் யூரோவுக்கு ஏலம் போன செய்தியும் பலருக்கு நினைவிருக்கும். அவையும் பெட்டியில் வைத்த அலங்கார ஜோடிதான். ஆனால் அவை ஃபிளிண்ட்லாக் வகை: சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தீப்பொறி விழ, வெளியே ஒரு சிறு தட்டில் இருக்கும் மருந்து பற்றி, அதன் தீ உள்ளே போய்க் குண்டைத் தள்ளும். ஒரு முறை சுட்டால் மறுபடியும் முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். மழை வந்தால் தட்டில் இருக்கும் மருந்து நனைந்து போகும்.

இந்தத் தட்டையும் கல்லையும் ஒழித்ததுதான் பெர்கஷன். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், அடித்தாலே வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைத் துப்பாக்கியைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். 1820-களில் அந்த உப்பைச் சிறு செம்புத் தொப்பிக்குள் அடைத்துவிட்டார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் தட்டும் பொட்டு வெடியின் வேலைதான் இதுவும்: நெருப்பு வேண்டாம், அடி போதும்.

1836 பிப்ரவரியில் சாமுவேல் கோல்ட் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வர் இந்தத் தொப்பியை வைத்தே இயங்கியது. பின்னால் மெருகேறி வந்த மாடல்களில் அதன் வேலை முறை இது:

1. சுழலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கும். அவை முன்பக்கம் மட்டுமே திறந்தவை, பின்பக்கம் மூடியிருக்கும்.
2. மருந்தும் ஈயக் குண்டும் அறையின் முன்பக்கமாகவே போகும். குழலுக்குக் கீழே தொங்கும் நெம்புகோல் குண்டை அழுத்தி உள்ளே இறக்கும். குண்டு அறையை விடச் சற்றே பெரியது என்பதால், இறங்கும்போது ஈயம் வளையமாகச் சீவப்பட்டு இறுக்கமாக உட்காரும்.
3. ஒவ்வொரு அறையின் பின்னாலும் துளையுள்ள சிறு முனை ஒன்று உண்டு. நிப்பிள் என்பார்கள். செம்புத் தொப்பி அதன்மேல்தான் உட்காரும்.
4. சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால் உருளை ஓர் அறை நகர்ந்து பூட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் சுத்தியல் தொப்பியில் விழும்.

அறையின் பின்பக்கம் மூடியிருப்பதைக் கவனியுங்கள். பித்தளைத் தோட்டாவைப் பின்னாலிருந்து செருகும் ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857-லேயே விற்கத் தொடங்கிவிட்டது. ஆனால் முழுதும் துளைத்த உருளைக்கான ரோலின் வைட்டின் 1855-ஆம் ஆண்டுக் காப்புரிமை அவர்கள் கையில் இருந்ததால், 1869 வரை அமெரிக்காவில் மற்றவர்கள் பழைய முறையிலேயே தேங்கி நின்றார்கள். உள்நாட்டுப் போர் முழுவதும் பெர்கஷன் ரிவால்வர்களால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். காப்புரிமை முடிந்ததும் ஏராளமான பெர்கஷன் ரிவால்வர்களின் உருளையை மாற்றித் தோட்டாவுக்கு ஏற்றதாக்கினார்கள். மாற்றப்படாமல் தப்பியவற்றுக்கு மதிப்பு கூடுவதில் வியப்பில்லை.

கோல்ட், ரெமிங்டன்: அடையாளம் காண்பது

சந்தையில் வரும் அமெரிக்க ஜோடிகளில் பெரும்பாலானவை கோல்ட்டின் மாடல்கள். குழலின் உள்விட்டம் 1849 பாக்கெட் மாடலில் 0.31 அங்குலம், 1851 நேவியில் 0.36 அங்குலம்; நேவிக்கு ஏழரை அங்குல எண்முகக் குழல். 1860 ஆர்மி 0.44 அங்குலம். இவை எல்லாவற்றிலும் உருளைக்கு மேலே இரும்பு கிடையாது. குழல் ஒரு ஆப்பினால் மட்டும் நடு அச்சோடு பிணைந்திருக்கும். ரெமிங்டனில் உருளையைச் சுற்றி இரும்புச் சட்டம் (ஃபிரேம்) முழுதாக இருக்கும். மேலே ஓர் இரும்புப் பட்டி ஓடும். தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும்.

ரெமிங்டன் குழலில் 1858 செப்டம்பர் 14 என்ற தேதி இருக்கும். அது காப்புரிமைத் தேதி. அதைச் செய்த தேதி என்று நினைத்து ‘1858-ஆம் ஆண்டுத் துப்பாக்கி’ என்று விளம்பரம் செய்பவர்கள் இன்றும் உண்டு. நியூ மாடல் ஆர்மி 1863 வாக்கில்தான் வந்தது. விற்பவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால், மற்ற விவரங்களையும் ஒரு முறை கூடுதலாகச் சரிபார்ப்பது நல்லது.

கோல்ட் உருளைகளில் ஒரு காட்சி உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். நேவி மாடலில் அது டெக்சாஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் 1843 மே 16-இல் மோதிய கப்பற்போர். பாக்கெட் மாடலில் குதிரை வண்டிக் கொள்ளை. காட்சியை வரைந்தவர் வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்ற நியூயார்க் செதுக்குக் கலைஞர். கைச்செதுக்கல் செய்த கோல்ட்களிலும் பெரும்பாலும் உருளையில் இந்தக் காட்சியை அப்படியே விட்டிருப்பார்கள். போலியைப் பிடிக்க இது எவ்வளவு உதவும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஏன் இரண்டு?

தொடக்கத்தில் காரணம் நடைமுறை. குதிரை வீரனின் சேணத்தில் முன்புறம் இருபக்கமும் இரண்டு உறைகள் தொங்கும். ஆறு அறைகளையும் மறுபடி நிரப்பச் சில நிமிடம் பிடிக்கும். சண்டை நடுவில் அந்த நேரம் கிடைக்காது. எனவே இரண்டாவது ரிவால்வரே மறுநிரப்பு.

1850-களுக்குள் ஜோடி என்பது மரியாதையின் சின்னமாகிவிட்டது. ஊர்க்காரர்கள் சேர்ந்து படைத்தலைவருக்குக் கொடுப்பார்கள். கோல்ட் தானே அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் ஆர்டர் எதிர்பார்த்துக் கொடுப்பார். தங்கம் பதித்த டிராகூன் மாடல் ஜோடி ஒன்றில் ஒரு துப்பாக்கி 1854-இல் ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கலசுக்குப் போனது. அதன் இணை இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கோல்ட் துருக்கிப் பக்கமும் சரக்கு விற்கப் பார்த்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால், பரிசு எந்த அளவுக்குப் பரிசு என்பது விளங்கும்.

சந்தையில் ‘ஜோடி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தரங்கள் ஒளிந்திருக்கின்றன. அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட ஜோடி முதல் தரம். எண்கள் அருகருகே இருந்து, ஒரே கை செதுக்கி, ஒரே பெட்டியில் ஆலையிலிருந்தே வெளிவந்தது இரண்டாம் தரம். வெவ்வேறு இடத்தில் வாங்கிப் பிற்காலத்தில் சேர்த்து வைத்தது மூன்றாவது. இது இரண்டு தனித் துப்பாக்கிகளின் கூட்டுத்தொகைக்கு மேல் விலை பெறக் கூடாது. ஏலப் பட்டியலில் முதல் இரண்டையும் விற்பவர் எண்ணோடு எழுதுவார். எண் எழுதாமல் ‘அழகிய ஜோடி’ என்று மட்டும் இருந்தால், அநேகமாக மூன்றாவது.

செதுக்கல்: உளி எப்போது பட்டது?

அமெரிக்க ரிவால்வர்களைச் செதுக்கியவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். கோல்ட்டுக்காக 1850-கள் முதல் 1869 வரை உழைத்த குஸ்தாவ் யங் பிரஷ்யாவில் பிறந்தவர். பின்னர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குப் போனார். கிராண்ட் ஜோடியைச் செதுக்கியவர் நியூயார்க்கின் லூயி நிம்ஷ்கே. தான் செதுக்கிய வேலைகளின் மேல் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்து ஏடாகச் சேர்த்து வைத்திருந்தார். அந்த ஏடு பிழைத்திருப்பதால், ஒரு துப்பாக்கியின் கொடி வளைவை அதோடு நேராக ஒப்பிட முடிகிறது. இப்படிப்பட்ட சாட்சி அமைவது அரிது.

யங்கின் பாணியில் இலைக்கொடிகள் அடர்ந்து சுருண்டிருக்கும். இடைவெளி முழுக்கச் சிறு புள்ளிகளால் குத்தியிருக்கும். சுத்தியலின் பக்கவாட்டில் ஓநாய்த் தலை வரும், சுத்தியலின் வடிவமே அதன் வாயாகத் திறந்திருக்கும். ஆனால் பாணியைப் பிறரும் காப்பியடிக்கலாம். அதைவிட முக்கியமான கேள்வி, உளி பட்டது எப்போது என்பது.

ஆலையில் செதுக்கும்போது வேலை வெள்ளை இரும்பில் நடக்கும். அதாவது நிறமேற்றும் முன், கடினமாக்கும் முன். செதுக்கி முடித்த பிறகே சட்டத்தை எலும்புக் கரியில் வைத்துச் சுட்டு மேற்பரப்பைக் கடினமாக்குவார்கள், குழலுக்கு நீலமேற்றுவார்கள். அதனால் அசல் செதுக்கலில் கோடுகளின் அடிவரை நிறம் இறங்கியிருக்கும். பழைய சாதாரணத் துப்பாக்கியை வாங்கி இன்று செதுக்கினால் கோடு அந்த நிறத்தோலைக் கிழித்துக்கொண்டு போகும். பளபளப்பான இரும்பு உள்ளே தெரியும். அதை மறைக்க மொத்தத் துப்பாக்கிக்கும் மறுபடி நிறமேற்ற வேண்டிவரும். மறுபடி நிறமேற்ற மேற்பரப்பைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் வேறு அடையாளங்கள் அழியும். போலி ஒரு இடத்தில் மறைத்தால் இன்னொரு இடத்தில் வெளியே வரும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் சாய்வாக விழும் விளக்கும் போதும். பார்க்க வேண்டியவை:

1. உருளைக் காட்சியின் தேய்மானம். உருட்டிப் பதித்த காட்சி ஆழமற்றது, முதலில் தேய்வது அதுதான். உருளையில் கப்பல்கள் மங்கிப்போய், குழலின் கொடிகள் மட்டும் நேற்றுச் செதுக்கியது போல் கூர்மையாக இருந்தால், கொடிகள் பிற்காலத்தவை.
2. குழலின் முகவரி எழுத்து. கோல்ட்டில் சாதாரணமாக முகவரி அச்சால் பதிக்கப்படும். செதுக்கிய துப்பாக்கிகளில் பலவற்றில் அதைக் கையாலேயே பொறித்திருப்பார்கள், கொடிகள் எழுத்துக்கு இடம் விட்டு வளைந்திருக்கும். கொடி எழுத்தின் மேல் ஏறினாலோ, எழுத்துக்கு முன்னால் தடுமாறி நின்றாலோ சந்தேகம்.
3. வரிசை எண்ணின் அருகில் சிறு குறி. அலங்காரத்துக்கு ஒதுக்கிய பாகங்கள் ஆலையில் கலந்துவிடாமலிருக்க எண்ணின் பக்கத்தில் ஒரு புள்ளியோ சிறு கோடோ இடுவது கோல்ட்டின் வழக்கம். குறி இல்லை என்பதாலேயே போலி ஆகிவிடாது; இருந்தால் நல்ல சாட்சி.
4. இரண்டு துப்பாக்கிகளின் வேறுபாடு. உண்மையான ஜோடியில் வடிவமைப்பு ஒன்று, கொடிகளின் ஓட்டம் சற்றே வேறு. கைவேலை அப்படித்தான் இருக்கும். இம்மி பிசகாமல் இரண்டும் ஒன்றாக இருந்தால் இயந்திரத்தையோ லேசரையோ நினைக்க வேண்டும்.

பெட்டியும் அதன் குடித்தனமும்

போலிகள் அதிகம் பிடிபடுவது பெட்டியில்தான். துப்பாக்கியைப் போலிசெய்யத் திறமை வேண்டும். பெட்டியைச் செய்ய ஒரு நல்ல தச்சர் போதும். அசல் துப்பாக்கியைப் புதுப் பெட்டியில் போட்டு விற்பதே மிகப் பரவலான ஏமாற்று.

பெட்டிகளில் மூன்று பழக்கங்கள் உண்டு. ஆங்கிலப் பெட்டி பெரும்பாலும் ஓக் அல்லது மகாகனி. பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, நேர்ப் பலகைகளால் அறை பிரித்திருப்பார்கள். மூடியின் உட்பக்கத்தில் விற்பனையாளரின் அச்சிட்ட சீட்டு இருக்கும். அமெரிக்கப் பெட்டியும் பலகையால் பிரித்ததே, ஆனால் மகாகனி அல்லது ரோஸ்வுட்டில், வெல்வெட் ஒட்டி. பிரெஞ்சுப் பாணியில் ஒவ்வொரு பொருளின் உருவத்துக்கும் ஏற்பப் பள்ளம் குடைந்திருப்பார்கள். கோல்ட் புத்தகம் போன்ற பெட்டிகளும் செய்தார்: முதுகில் சட்டநூல் போலத் தலைப்பு, உள்ளே பாக்கெட் ரிவால்வர்.

உள்ளே இருக்க வேண்டியவை: மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, நிப்பிள் கழற்றும் சாவியோடு சேர்ந்த திருப்புளி, தொப்பி டப்பா, பெட்டிச் சாவி. ஆங்கிலப் பெட்டியில் எண்ணெய்ப் புட்டியும் துப்புரவுக் கோலும் உதிரி நிப்பிள்களும் கூடும். ஜோடி என்றால் துப்பாக்கிதான் இரண்டு. குடுவை, அச்சு எல்லாம் பெரும்பாலும் ஒவ்வொன்றே.

எங்கே பிசகுகிறது என்று பார்ப்போம்.

அச்சின் அளவு முதலாவது. 0.36 நேவி ஜோடிக்குப் பக்கத்தில் 0.31 பாக்கெட் அச்சு கிடக்கும். யாரோ கிடைத்ததைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். குடுவையும் அப்படியே: பாக்கெட் மாடல் குடுவை சிறியது, நேவி அறையில் ஆடும்.

இரண்டாவது, தொப்பி டப்பா. லண்டன் ஈலி சகோதரர்களின் டப்பா பல பெட்டிகளில் இருக்கும். அந்த நிறுவனம் 1874-இல்தான் லிமிடெட் ஆனது. 1850-களின் பெட்டியில் லிமிடெட் என்று அச்சிட்ட டப்பா இருந்தால் டப்பா பின்னால் வந்தது. இது தனியாக ஒரு பெரிய குற்றமல்ல. தொப்பி தீர்ந்தால் புது டப்பா வாங்குவார்கள். ஆனால் விற்பவர் ‘எல்லாம் அசல்’ என்று சொன்னால், அந்தப் பேச்சின் தரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, துணியில் பதிந்த நிழல். நூற்றைம்பது ஆண்டு ஒரே இடத்தில் கிடந்த இரும்பு, வெல்வெட்டில் தன் உருவத்தை அழுத்தி வைக்கும்: சுத்தியலின் கூம்பு, விசைக் காப்பின் வளைவு, குழல் முனை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். துப்பாக்கியை எடுத்துவிட்டு வெறும் பெட்டியைப் பாருங்கள். தழும்பு அரை அங்குலம் தள்ளியிருந்தால் முன்பு அங்கே வேறு துப்பாக்கி குடியிருந்தது. மூடியின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். சுத்தியல் மேலே முட்டிய இடத்தில் துணி நைந்திருக்கும்.

நான்காவது, பெட்டியின் திருகுகள். கீல்களில் கூட்டல் குறித் தலைத் திருகு இருந்தால் அது 1930-களுக்குப் பிந்தையது, பேச்சே தேவையில்லை. பலகையின் அடிப்பக்கம், கீலுக்குப் பின்னால், பூட்டுக்குழிக்குள் மரம் இயல்பாகக் கறுத்திருக்க வேண்டும். சாயம் பூசிய கறுப்பு மூலைகளில் திட்டாகத் தேங்கும்.

ஐந்தாவது, நாடுகளின் பொருத்தம். ஆங்கில ஓக் பெட்டியில் கோல்ட் ஜோடி இருந்தால் அறைகளுக்கு இடையே உருளையின் மேல் இங்கிலாந்துப் பரிசோதனை முத்திரைகளை, அதாவது துப்பாக்கி வெடியைத் தாங்குகிறதா என்று சோதித்து இடும் குறிகளை, எதிர்பார்க்கலாம். கோல்ட்டுக்கு 1853 முதல் 1856 வரை லண்டனில் ஆலை இருந்தது. அதன் பின்னும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஆலையில் செய்த சரக்கு லண்டன் வழியாக விற்பனையானது. முத்திரையே இல்லாத துப்பாக்கி ஆங்கிலப் பெட்டிக்குள் எப்படி வந்தது என்பதை விற்பவர் விளக்க வேண்டும்.

இந்தியாவோடு உள்ள உண்மையான தொடர்பும் இங்கேதான். பிரிட்டிஷ் அதிகாரிகள் கோல்ட்டை விட ஆங்கிலேயத் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் ஆடம்ஸின் ரிவால்வரை விரும்பினார்கள். அதை 1856-இல் பொறியாளர் படையின் பியூமாண்ட் திருத்தியமைத்தார். சுத்தியலை இழுத்தும் சுடலாம், விசையை மட்டும் அழுத்தியும் சுடலாம். அத்தகைய ஆங்கிலத் துப்பாக்கிகள் கல்கத்தாவின் மாண்டன், ரோடா போன்ற கடைகளின் பெயரோடும் கிடைக்கின்றன. 1914-இல் மவுசர் கைத்துப்பாக்கிகளைப் புரட்சியாளர்கள் கடத்தினார்களே, அதே ரோடாதான். இந்தியக் கடைச் சீட்டு ஒட்டிய பெட்டியில் துணி பெரும்பாலும் பூச்சி அரித்திருக்கும். அரிக்காத துணி இருந்தால் மகிழ்வதற்கு முன், துணி மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

எண்கள், நகல்கள், ஆவணங்கள்

கோல்ட்டில் ஒரே வரிசை எண் குழலின் அடி, சட்டம், விசைக் காப்பு, கைப்பிடியின் அடிப்பட்டி ஆகிய இடங்களில் பெரிதாகவும், உருளை, ஆப்பு, நெம்புகோலில் முழுதாகவோ சுருக்கமாகவோ இருக்கும். கைப்பிடியைக் கழற்றினால் உட்புறத்தில் பென்சிலால் அல்லது மையால் எழுதியிருப்பதும் உண்டு. ஒரு ஆப்பு மாறியிருந்தால் விலை சற்றுக் குறையும். உருளை மாறியிருந்தால் நிறையவே விழும்.

1950-களின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியில் இந்த மாடல்களின் நகல்கள் உற்பத்தியாகின்றன. இத்தாலியப் பரிசோதனை முத்திரையும் ஆண்டுக் குறியும் அவற்றில் இருக்கும். ஏமாற்றுக்காரர் முதலில் அரம் போடுவது அங்கேதான். எண் இருக்க வேண்டிய பரப்பு மற்ற இடங்களை விடத் தாழ்ந்திருந்தால் கை வைத்திருக்கிறார்கள். கோல்ட் நிறுவனமே 1971-இல் கிராண்ட், உள்நாட்டுப் போரில் அவரை எதிர்த்த தளபதி லீ ஆகியோர் பெயர்களில் 1851 நேவியின் நினைவுப் பதிப்புகளை வெளியிட்டது. அவை போலி அல்ல, பழமையும் அல்ல. ‘கோல்ட், கிராண்ட், பெட்டியோடு’ என்ற மூன்று சொல் விளம்பரத்தில் பலர் மயங்குவது இதில்தான்.

ஆவணத்தில் எச்சரிக்கை ஒன்று. கோல்ட்டின் ஹார்ட்ஃபோர்டு ஆலையில் 1864 பிப்ரவரியில் பெருந்தீ பிடித்தது. பெர்கஷன் காலப் பதிவுகள் சில எண் வரிசைகளுக்கு மட்டுமே எஞ்சியுள்ளன. எனவே ‘ஆலைக் கடிதம்’, அதாவது அந்தப் பதிவுகளைப் பார்த்து நிறுவனம் தரும் சான்று, கிடைக்காதது குறையல்ல. பரிசளிப்புப் பொறிப்பு மட்டும் இருந்து வேறு எந்தச் சான்றும் இல்லாததுதான் கவலைக்குரியது, ஏனென்றால் ஒரு பெயரைப் பொறிக்க அரை மணி நேரம் போதும். குடும்பக் கடிதம், உயில், பழைய ஏலப் பட்டியல், அன்றைய செய்தித்தாள் குறிப்பு ஆகியவற்றில் ஒன்றாவது பெயரையும் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏலத் தொகையைப் படிக்கும்போது இன்னொன்று: 51.7 லட்சம் என்பது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட தொகை மட்டும் அல்ல, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனும் சேர்ந்தது. பெரிய நிறுவனங்களில் இந்தக் கமிஷன் 15 முதல் 25 சதவீதத்துக்கு மேலும் போகும். தன் துப்பாக்கியின் விலையைச் செய்தி பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கையில் எடுக்கும் முன்

பழைய பெர்கஷன் ரிவால்வர் இன்னும் நிரம்பியே இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் அடைபட்டுக் கிடந்தால் நூற்றைம்பது ஆண்டு கழித்தும் வெடிக்கும். முதலில் நிப்பிள்களில் தொப்பி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அறைகளின் முன்வாயைப் பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும். குழல் எப்போதும் ஆளில்லாத பக்கம். வாயருகே மந்தமான சாம்பல் நிற ஈயம் தெரிந்தால் அத்தோடு நிறுத்தி, துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுப்பதே வழி. தொப்பி இருந்தால் அதை நெம்பக் கூடாது.

வெற்றுச் சுத்தியலைத் தட்டிப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். தொப்பி இல்லாத நிப்பிளில் சுத்தியல் விழுந்தால் முனை நசுங்கிக் காளான் போல் விரியும். கோல்ட்டின் ஆப்பை இரும்புச் சுத்தியால் தட்டினால் தலை சப்பையாகும். மரம் அல்லது நைலான் கட்டை வேண்டும். திருகுகளுக்குப் பிளவின் அகலத்துக்குச் சரியாகத் தேய்த்த திருப்புளி வேண்டும். ஒரு திருகின் வாய் சிதைந்தால் அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் காட்டுவார்.

நேவி மாடலின் பித்தளை விசைக் காப்புக்கு வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். பெரும்பகுதி தேய்ந்து, மூலைகளில் மட்டும் கறுத்த வெள்ளி மிஞ்சியிருக்கும். பித்தளை பாலிஷ் போட்டால் அரை நிமிடத்தில் அதுவும் போய்விடும், சேர்ந்தே விலையில் ஒரு பங்கும். இரும்புக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாக ஒரு பூச்சு பூசுவது போதுமானது. கம்பிப் பஞ்சு வேண்டவே வேண்டாம்.

காட்சிக்கு அழகான பெட்டியே சேமிப்புக்குக் கெட்ட இடம் என்பது பலருக்குத் தெரியாது. ஓக் மரம் அசிட்டிக் அமிலத்தைக் காற்றில் விடுகிறது. பெட்டிக்குள் கிடக்கும் பழைய ஈயக் குண்டுகளில் வெள்ளைப் பொடி படர்வது அதனால்தான். அந்தப் பொடி நச்சு, வெறுங்கையால் தொடக் கூடாது. கம்பளித் துணியிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஈரப்பதம் அதிகமான கடற்கரை நகரங்களில் துணி ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். துப்பாக்கியின் கீழ்ப்பக்கம் மட்டும் துருப்பிடிப்பதன் ரகசியம் இதுவே. மூடிய அலமாரியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் துப்பாக்கியைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் வைப்பது நல்லது. அதற்கும் கீழே இறக்கினால் தந்தம் வெடிக்கும்.

தந்தமா, எலும்பா, செல்லுலாய்டா என்பதைச் சூடான ஊசியால் குத்திச் சோதிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது பொருளைக் கெடுக்கும் சோதனை. கைப்பிடியின் அடிமுகத்தை லென்ஸால் பார்த்தால் போதும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் விரிகோணத்தில் சந்திக்கும். எலும்பில் சிறு கறுப்புப் புள்ளிகள், நரம்புத் துளைகள். செல்லுலாய்டில் இயந்திரம் போட்டது போல நேர்க்கோடுகள்.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது ‘பழம்பொருள்’. துப்பாக்கி உரிம விதிகள் அதற்குப் பொருந்தா. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். பிரிட்டனில் 2021 மார்ச் 22 முதல் புதிய விதிமுறை: 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்தது, பட்டியலிட்ட பழைய பற்றவைப்பு முறை கொண்டது, அலங்காரப் பொருளாக மட்டுமே வைத்திருப்பது ஆகிய நிபந்தனைகள் சேர்ந்து வர வேண்டும். சுடுவதற்கு என்றால் சான்றிதழ் வேண்டும்.

இந்தியாவில் வயது மட்டும் விலக்குத் தராது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழைய ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாததாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வேலை செய்யும் நிலையில் உள்ள பெர்கஷன் ஜோடி அந்த வாசகத்துக்குள் அடங்காது, உரிமம் தேவை. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, பரம்பரையாக வந்ததற்கும் அந்த வரம்பு உண்டு. ஆக ஒரு பெட்டியே ஒருவரின் முழு ஒதுக்கீட்டையும் தின்றுவிடும். விலக்குப் பெறுவதற்காக நிப்பிளை அடைத்தும் குழலைத் துளைத்தும் செயலிழக்க வைத்தால் சேகரிப்பு மதிப்பு அங்கேயே முடிந்தது.

தந்தக் கைப்பிடி என்றால் இன்னொரு சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்கள் இந்திய, ஆப்பிரிக்கத் தந்த வணிகம் இரண்டையும் இந்தியாவில் தடை செய்தன. பழமை என்ற சாக்கு இங்கே எடுபடாது. அமெரிக்காவில் நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு 2016 விதியில் இடமுண்டு. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பதிவு செய்து விற்கலாம். ரிவால்வரின் கைப்பிடி இந்த வரம்புக்கு மேலும் போகலாம், கீழும் இருக்கலாம். கன அளவை அளந்து பார்க்காமல் விளம்பரம் செய்யக் கூடாது.

வெளியே அனுப்புவதும் எளிதல்ல. நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளை இந்தியாவிலிருந்து தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரை வீட்டில் பூட்டிய பெட்டி கிடைத்து, லண்டனில் நல்ல விலை போகும் என்று யாராவது சொன்னால், தூதஞ்சலில் போடுவதற்கு முன் காவல் நிலையத்தில் உரிம நிலையைத் தெரிவித்து, தொல்லியல் துறையின் கருத்தை எழுத்தில் வாங்க வேண்டும். படம் எடுக்கும்போது துப்பாக்கிகளை வெளியே எடுத்து வரிசை எண்களையும், வெறும் பெட்டியின் துணியையும், மூடிச் சீட்டையும் தனித்தனியாக எடுங்கள்; மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது அந்த மூன்றைத்தான்.